பிடித்து நிறுத்தினால்தான் ஓடும்: பிலிமைக் கவ்விய பொறியின் கதை

ஒரு பழைய பிலிம் துண்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் அதில் எதுவும் அசையாது. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சின்னச் சின்னப் படங்கள். முதல் படத்தில் ஒருவர் கையைத் தூக்கியபடி நிற்பார். அடுத்த படத்திலும் அப்படியே நிற்பார். கை மட்டும் ஒரு மயிரிழை மேலே போயிருக்கும். அவ்வளவுதான். இதைத்தான் 'அசையும் படம்' எண்டு சொல்லி 130 வருஷமாகப் பார்த்து வருகிறோம்.

சினிமா வந்த கதையை எங்களில் பலர் ஒரே மாதிரித்தான் கேட்டிருப்போம். எடிசன் ஒரு பெட்டியைச் செய்தார், லூமியர் சகோதரர்கள் பரிஸில் திரை கட்டிப் படம் காட்டினார்கள், திரையில் ரயில் வருவதைக் கண்டு சனம் எழும்பி ஓடியது. இந்தக் கதையில் எல்லாமே ஓட்டமும் வேகமும்தான். ஆனால் அந்தக் காலத்துக் கமராக்களின் உட்புறத்தைப் பார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது. பிலிமை ஓட வைப்பது பெரிய வேலையே இல்லை. ஒரு கைப்பிடியைச் சுற்றினால் ஓடும். அதை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

ஏன் நிறுத்த வேண்டும்? ஓடிக்கொண்டிருக்கும் பிலிமில் வெளிச்சம் விழுந்தால் படம் இழுபட்டுக் கலங்கிவிடும். வெளிச்சம் விழும் அந்தக் கணத்தில் பிலிம் அசையாமல் நிற்க வேணும். பிறகு மூடியை மூடி, பிலிமை நகர்த்தி, திரும்பவும் நிறுத்த வேணும். செக்கனுக்கு 16 படம் என்றால் 16 தரம் கிளம்பி 16 தரம் நிற்க வேணும். கிழியவும் கூடாது, வழுக்கவும் கூடாது.

தமிழில் நாங்கள் 'படம் பிடிக்கிறது' என்று சொல்வோம். பிலிம் கமராவைப் பொறுத்தவரை அது சொல்லுக்குச் சொல் உண்மை. உள்ளே ஏதோ ஒன்று பிலிமை இறுக்கிப் பிடித்தால்தான் படம் விழும். அந்தப் பிடியை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கிரகம், குதிரை, பறவை

1874 டிசெம்பரில் வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே கடந்தது. அதைப் பதிவு செய்ய ஜப்பானுக்குப் போன பிரெஞ்சு வானியலாளர் ஜூல் ஜான்சன் தன்னுடன் ஒரு விசித்திரமான கருவியைக் கொண்டு போனார். அதற்குள் இருந்த வட்டத் தகடு படிப்படியாகத் திரும்பி நின்று, 72 செக்கனில் 48 படங்களைப் பதியும். தகட்டைத் திருப்பி நிறுத்தியது மணிக்கூட்டுக்காரர்களின் பழைய உபாயம் ஒன்று: மால்டாச் சிலுவை.

இது சிலுவை வடிவிலான ஒரு சில்லு. பக்கத்தில் சுற்றும் இன்னொரு சில்லின் முளை அதன் பள்ளத்துக்குள் புகும்போது சிலுவை ஒரு படி திரும்பும். முளை வெளியே போனதும், சுற்றும் சில்லின் வட்ட விளிம்பு சிலுவையின் வளைவில் பொருந்தி அதை அசையவிடாமல் பூட்டிவிடும். திருப்புவதும் அதே சில்லு, பூட்டுவதும் அதே சில்லு. பின்னாளில் உலகம் முழுக்க தியேட்டர் புரொஜெக்டர்களில் வேலை செய்ததும் இந்தச் சிலுவைதான்.

நான்கு வருஷம் கழித்து, 1878-ல், கலிபோர்னியாவில் எட்வேர்ட் முய்பிரிட்ஜ் ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். அவர் பிடிக்கும் பிரச்சினையைத் தொடவே இல்லை. ஒரு கமராவுக்குப் பதிலாக 12 கமராக்களை வரிசையாக வைத்தார். ஒவ்வொரு கமராவிலும் ஒரே ஒரு படம். உள்ளே எதுவும் ஓட வேண்டியதில்லை.

இந்தப் படங்களைப் பார்த்து ஆவலானவர்களில் ஒருவர் எத்தியேன் ஜூல் மாரே. 1830-ல் பிரான்ஸின் போன் நகரில் பிறந்தவர். தொழிலால் மருத்துவர், ஆர்வம் உடலியலில். நாடித்துடிப்பைக் கோடாக வரையும் கருவியை இளவயதிலேயே செய்தவர். உடம்பில் எது அசைந்தாலும் அதை அளக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. ஆனால் பறவைக்கு 12 கமரா வைக்க ஏலாது. பறவை நாங்கள் சொன்ன பாதையில் பறக்காதே.

அதனால் 1882-ல் துவக்கு வடிவில் ஒரு கமரா செய்தார். விசையை இழுத்தால் உள்ளே ஒரு கண்ணாடித் தட்டு விட்டு விட்டுத் திரும்பும். செக்கனுக்கு 12 படம். நேப்பிள்ஸ் பக்கம் இந்தத் துவக்கோடு பறவைகளைக் குறிபார்த்துத் திரிந்தார். வெடிச்சத்தமும் இல்லை, பறவையும் விழவில்லை. ஊர்ச்சனம் அவரைப் பைத்தியம் எண்டே நினைத்தது.

இந்தத் துவக்கின் குறை நிறுத்துவதில்தான் இருந்தது. கண்ணாடித் தட்டு பாரமானது. பாரமான ஒன்றை செக்கனுக்கு 12 தரம் நிறுத்திக் கிளப்பலாம். அதைவிட வேகமாக என்றால் கஷ்டம்.

மாரேயின் கவ்வி

1888-ல் மாரே கண்ணாடியை விட்டுவிட்டு, ரசாயனம் பூசிய நீளமான கடதாசிச் சுருளுக்கு மாறினார். அந்த ஒக்டோபரில் பிரெஞ்சு விஞ்ஞான அகடமியில் அப்படி எடுத்த ஒரு கடதாசிப் பட்டையைக் காட்டினார். கொஞ்சக் காலத்தில் கடதாசி போய் செலுலொயிட் பிலிம் வந்தது. 9 சென்ரிமீற்றர் அகலம். ஓரத்தில் ஒரு ஓட்டைகூட இல்லாத பிலிம்.

ஓட்டை இல்லாத பிலிமை எப்படி நிறுத்துவது? கவ்வித்தான். வெளிச்சம் விழும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கவ்வியை வைத்தார். மூடி திறக்கும் கணத்தில் கவ்வி பிலிமை அமத்திப் பிடிக்கும். மூடி மூடியதும் விடும். முதலில் மின்காந்தத்தால் இயங்கிய இந்தப் பிடி, 1890-ன் கமராவில் பொறியாலேயே இயங்கும் அழுத்தியாக மாறியது.

கவ்வி பிடித்திருக்கும் நேரத்திலும் பிலிமை இழுக்கும் உருளை சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அப்படியென்றால் பிலிம் அறுந்து போகாதா? அதற்கும் வழி வைத்திருந்தார். நடுவில் வளைந்து கொடுக்கும் ஒரு ஸ்பிரிங் தகடு. கவ்வி பிடிக்கும்போது தகடு வளைந்து இழுவையைத் தாங்கும். விட்டதும் தகடு நிமிர்ந்து, தேங்கிய பிலிமைச் சட்டென்று முன்னே தள்ளும். இவ்வளவும் ஒரு செக்கனுக்குள் பல தரம் நடக்கும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வருகிறது. 1890-லேயே ஒரே வில்லை, நீளப் பிலிம், நிறுத்தி ஓட்டும் பொறி எல்லாம் மாரேயிடம் இருந்தன. பிறகு ஏன் சினிமாவின் பிறந்தநாளை லூமியர் சகோதரர்களின் பெயரில் கொண்டாடுகிறோம்?

விடை அந்தக் கவ்வியிலேயே இருக்கிறது. அது பிலிமை நன்றாகப் பிடித்தது. ஆனால் ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் பிடிக்கவில்லை. ஓட்டை இல்லாத பிலிம் ஒரு தரம் கொஞ்சம் கூட வழுக்கும், ஒரு தரம் கொஞ்சம் குறைய வழுக்கும். அதனால் படங்களுக்கு இடையிலான தூரம் கூடிக் குறைந்தது. அதை அப்படியே திரையில் காட்டினால் படம் மேலும் கீழும் துள்ளும்.

எவ்வளவு துள்ளும் எண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிறகு வந்த 35 மில்லிமீற்றர் பிலிமில் ஒரு படத்தின் உயரம் சுமார் 18 மில்லிமீற்றர். அதை 4 மீற்றர் உயரத் திரையில் போட்டால் 220 மடங்குக்கு மேல் பெருக்குகிறோம். பிலிமில் 0.1 மில்லிமீற்றர் பிசகினால் திரையில் 2 சென்ரிமீற்றர் துள்ளும். அதுவும் செக்கனுக்குப் பல தரம்.

மாரேக்கு இது பெரிய தலையிடியாக இருக்கவில்லை. அவர் படங்களைத் தனித்தனியாக வைத்து அளந்தார், கோடு கீறினார், ஒப்பிட்டார். திரையில் ஓட்டிப் பார்ப்பதில் அவருக்குப் பெரிய மோகம் இல்லை. கண்ணால் ஏற்கெனவே பார்க்கக்கூடியதை அப்படியே திரும்பக் காட்டுவதால் அறிவுக்கு என்ன கூடுகிறது என்பதே அவருடைய எண்ணம். கண்ணால் பார்க்க முடியாததைக் காட்ட வேண்டும்; அதற்கு அசைவை நிறுத்த வேண்டும்.

அவருடைய உதவியாளர் ஜோர்ஜ் டெமெனி வேறு மாதிரியான ஆள். 1891-ல் தன்னுடைய முகத்தையே கமராவுக்குக் காட்டி 'நான் உங்களை நேசிக்கிறேன்' என்று பிரெஞ்சில் சொல்லி, உதட்டசைவைப் பதிந்தார். காது கேளாத மாணவர்களுக்கு உதட்டைப் பார்த்துப் பேச்சை விளங்கிக்கொள்ளக் கற்பிப்பதற்கான முயற்சி அது. இதைப் பொருட்காட்சியாக்கி விற்கலாம் என்று டெமெனி நினைத்தார். மாரே விரும்பவில்லை. 1894-ல் இருவரும் பிரிந்தார்கள்.

ஓட்டையும் தையல் மெசினும்

1889-ல் பரிஸில் நடந்த பெரிய கண்காட்சிக்கு எடிசன் வந்தபோது மாரேயைச் சந்தித்தார். மாரே தன் வேலைகளைக் காட்டினார். எடிசனின் ஆய்வுகூடத்தில் இந்த வேலையை உண்மையில் செய்தவர் டிக்சன். 35 மில்லிமீற்றர் பிலிம், ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பக்கமும் நான்கு நான்கு ஓட்டை என்ற அளவை அங்கேதான் வகுத்தார்கள். ஓட்டை வந்ததும் பிரச்சினையின் வடிவமே மாறியது. இனிப் பிலிம் எவ்வளவு நகர வேண்டும் என்பதை வழுக்கல் தீர்மானிக்காது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடைப்பட்ட தூரம் தீர்மானிக்கும்.

ஆனால் எடிசனின் கமரா பெரிய, பாரமான ஒன்று. ஸ்டூடியோவை விட்டு வெளியே எடுப்பது லேசான வேலையில்லை. 1894-ல் நியூயோர்க்கில் திறந்த அவருடைய பார்வைப் பெட்டியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் குனிந்து பார்க்கலாம். அந்தப் பெட்டிக்குள் பிலிம் நிற்காமல் ஓடியது; ஒரு சிறு வெட்டு வழியாக மின்னல் போல வெளிச்சம் வந்து போகும். பிலிம் நிற்காத அந்த முறையில், ஒரு மண்டபத்துக்கே தெரியும் அளவு வெளிச்சத்தைத் திரைக்குக் கொண்டு போவது கஷ்டம்.

லியோனில் போட்டோத் தகடு தொழிற்சாலை நடத்திய லூமியர் குடும்பத்தின் இளையவர் லூயி, 1894-ன் கடைசியில் நித்திரை வராத ஒரு இரவில் விடையைக் கண்டுபிடித்ததாக அண்ணன் ஓகுஸ்த் பின்னர் எழுதினார். விடை தையல் மெசினில் இருந்தது.

எங்கட வீடுகளில் இருக்கும் தையல் மெசினைப் பார்த்தாலே இது விளங்கும். ஊசிக்குக் கீழே சின்னப் பற்கள் இருக்கும். ஊசி துணிக்குள் இருக்கும்போது துணி நகராது. ஊசி மேலே வந்ததும் பற்கள் எழும்பி, துணியைப் பிடித்து ஒரு தையல் தூரம் தள்ளி, கீழே இறங்கித் திரும்பவும் பழைய இடத்துக்கு வரும். மேலேயிருந்து ஒரு கால் துணியை எப்போதும் அமத்திக்கொண்டிருக்கும். தள்ள ஒன்று, அமத்த ஒன்று.

லூமியரின் கமராவில் பற்களுக்குப் பதில் இரண்டு முனைக் கொளுக்கி. அது ஓட்டைக்குள் புகுந்து பிலிமை ஒரு படத் தூரம் கீழே இழுத்து, வெளியே வந்து, மேலே போகும். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துக்கு ஒரு வட்ட ஓட்டை போதுமாக இருந்தது. துணியை அமத்தும் காலுக்குப் பதில், பிலிமைத் தட்டையாக அமத்தும் ஸ்பிரிங் தகடு. கொளுக்கி பிலிமைத் தொடாத நேரத்தில் அந்த அமத்தல்தான் பிலிமைப் பிடித்து நிற்கிறது. மொத்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நகர்வு. மூன்றில் இரண்டு பங்கு நிற்பு.

1895 பெப்ரவரி 13-ல் காப்புரிமை பதிந்தார்கள். மார்ச்சில் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் தொழிலாளர்களைப் படம் எடுத்தார்கள். டிசெம்பர் 28-ல் பரிஸின் கிராண்ட் கஃபேயில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அதே கமரா, பிரதி எடுக்கும் பொறியாகவும் புரொஜெக்டராகவும் வேலை செய்தது. ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போகலாம். 1896 ஜூலையில் பம்பாயில் அவர்களின் படங்களைத் திரையிட்டு விட்டார்கள்.

ஊசியளவு துல்லியம்

லூமியரின் கொளுக்கி படம் காட்டப் போதுமாக இருந்தது. ஆனால் ஒரே பிலிமில் இரண்டு தரம், மூன்று தரம் படம் எடுக்க வேண்டி வந்தபோது அது போதவில்லை. மந்திரவாதியாக இருந்து படம் எடுக்க வந்த ஜோர்ஜ் மெலியே, 1900-ல் ஒரு படத்தில் தானே ஏழு பேராகத் தோன்றினார். பிலிமைத் திரும்பத் திரும்பச் சுற்றி எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்தார். இப்படிச் செய்யும்போது பிலிம் ஒவ்வொரு தரமும் அச்சொட்டாக அதே இடத்தில் நிற்காவிட்டால், ஒரு உருவம் இன்னொன்றுக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் நிலைநிறுத்தும் ஊசிகள். 1912 அளவில் சிக்காகோவின் பெல் அண்ட் ஹொவல் கம்பனி வெளியிட்ட 2709 என்ற உலோகக் கமராவில், படம் விழும் இடத்தில் இரண்டு சிறிய ஊசிகள் அசையாமல் நிற்கும். பிலிமைத் தூக்கி அந்த ஊசிகளில் கொண்டுபோய்ச் செருகும். படம் விழுந்ததும் கழற்றி, நகர்த்தி, அடுத்த ஓட்டைகளைச் செருகும். ஒரு ஊசி ஓட்டையை முழுசாக நிரப்பும். மற்றது கொஞ்சம் ஒடுங்கியது. பிலிம் சுருங்கினாலும் இழுபடாமல் இருக்க அந்தச் சின்ன இடைவெளி. 1920-ல் வந்த மிச்செல் கமராவில் பிலிம் நின்றதும் ஊசிகள்தான் வந்து ஓட்டைக்குள் புகும். இரண்டிலும் வேலை ஒன்றுதான்: பிலிம் எங்கே நிற்கிறது என்பதை ஊசி சொல்லும்.

தமிழ் சினிமாவில் இதன் பலனை நாங்கள் நேரடியாகவே அனுபவித்திருக்கிறோம். 1940-ல் சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். பிலிம் காலத்தில் இரட்டை வேடத்துக்கு வழமையான வழி இதுதான்: படத்தின் பாதியை மறைத்துவிட்டு ஒருவரை எடுப்பது, பிலிமைத் திரும்பச் சுற்றி மற்றப் பாதியை மறைத்துவிட்டு இன்னொருவரை எடுப்பது. நடுவில் உள்ள சேர்க்கை தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் இரண்டு தரமும் பிலிம் ஒரே இடத்தில் நிற்க வேணும். அண்ணனும் தம்பியும் ஒரே திரையில் முகம் பார்த்துக் கதைக்கிற காட்சிக்குப் பின்னால் நடிகரின் உழைப்போடு இப்படியான பிடியின் உழைப்பும் இருந்தது.

பிடித்தவரும் பிடிபட்டவரும்

இதுவரை பிலிமைப் பிடித்த கதையைச் சொன்னோம். கமராவுக்கு முன்னால் நின்றவர்களைப் பற்றியும் சொல்லாமல் விட ஏலாது.

மாரேயின் ஆய்வுக்கூடம் பரிஸில் போலோன் பூங்காப் பக்கம் இருந்தது. அரசாங்கம் காசு கொடுத்தது. அங்கே கமராவுக்கு முன் நடந்தவர்களில் பலர் படைவீரர்களும் உடற்பயிற்சிக்காரர்களும். எந்த நடையில் களைப்புக் குறையும், எந்தச் சுமையோடு எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்விகளுக்குப் பின்னால் இராணுவத்தின் அக்கறையும் இருந்தது.

1895-ல் இன்னொன்று நடந்தது. பரிஸில் மேற்கு ஆபிரிக்க மக்களையே காட்சிப்பொருளாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். ஃபெலிக்ஸ் ரெக்னோ என்ற மருத்துவர் மாரேயின் உதவியாளர் ஒருவருடன் அங்கே போய், மட்பாண்டம் வனையும் ஒரு வொலொஃப் பெண்ணைப் படம் எடுத்தார். மானிடவியலின் முதல் படங்களில் ஒன்று எண்டு இதைச் சொல்கிறார்கள். வெவ்வேறு 'இனங்கள்' எப்படி நடக்கின்றன, எப்படிக் குந்துகின்றன என்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதே ரெக்னோவின் நோக்கம். மாரே, டெமெனி, ரெக்னோ எல்லோருக்கும் வரலாற்றில் பெயர் இருக்கிறது. அந்தப் பெண் 'ஒரு வொலொஃப் பெண்' என்றே வரலாற்று நூல்களில் வருகிறார். அவருடைய கைவேலை எங்கட ஊர்க் குயவர்களின் வேலையைப் போலவே தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. ஆனால் அந்தக் கமராவுக்கு அது அறிவாகத் தெரியவில்லை. அளக்க வேண்டிய உடம்பாகத் தெரிந்தது.

அசைவை நிறுத்திப் பார்ப்பது அறிவுக்கான வழி என்று மாரே நம்பியது பிழையில்லை. ஆனால் நிறுத்திப் பார்ப்பவர் யார், நிறுத்தப்படுபவர் யார், அவரிடம் யாராவது கேட்டார்களா என்பதை அந்தப் பொறி தானாகச் சொல்லாது. அதை நாங்கள்தான் கேட்க வேணும்.

மாரே தோற்றாரா?

லூமியர் வென்றார், மாரே தோற்றார் என்று இந்தக் கதையை முடிக்கலாம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தியேட்டருக்குப் போகும்போது நாங்கள் லூமியரின் ஆட்கள். ஆனால் 1992 நவெம்பரில் டர்பனில் நடந்த டெஸ்ட் போட்டியில், சச்சின் டெண்டுல்கர் ஓடி முடித்தாரா இல்லையா என்று தொலைக்காட்சிப் படத்தை நிறுத்திப் பார்த்து மூன்றாம் நடுவர் ஆட்டமிழப்புக் கொடுத்தார். அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள் அவர்தான். அங்கே ஓடியது மாரேயின் கேள்வி. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, அசைவை நிறுத்திக் காட்டு.

இன்றைக்கு எங்கட கையில் இருக்கிற போனுக்குள் பிலிமும் இல்லை, ஓட்டையும் இல்லை, கொளுக்கியும் இல்லை. ஆனாலும் ஒரு கிரிக்கெட் காட்சியை ஸ்லோ மோஷனில் போட்டு, விரலால் நிறுத்தி, மட்டை கோட்டைத் தாண்டிவிட்டதா எண்டு நாலு பேர் குனிந்து பார்த்துச் சண்டை பிடிக்கிறோமே, அந்த விரல் செய்கிற வேலைதான் 1888-ல் மாரேயின் கவ்வி செய்த வேலை.